ஆடுகள் வராத பாட்டு

பிப்ரவரி 11, 2003

பயிற்சி முடிந்து இப்போதுதான் வந்தேன். நாங்கள் வாசித்துப் பழகும் பழைய பதுங்கு அறையில் இன்றைக்கும் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அன்ஃபின் கையுறை போட்டுக்கொண்டே டிரம் வாசித்தான். புதுப் பாட்டை முதல் தடவையாக முழுதாக ஓட்டிப் பார்த்தோம். நன்றாக வந்தது. அதை எழுதும்போதே சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பாட்டில் கடைசிப் பகுதி வரை ஷூருக்கு வேலையே இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து என் கூடவே இருப்பவன். நாங்கள் பிளாக் மெட்டல் என்கிற இந்த வேகமான, இருண்ட ராக் இசையை வாசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் குழுவின் குரல் அவனுடைய அலறல்தான். இன்று அவன் ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன பேப்பரில் டிராக்டர் விளம்பரம் படித்துக்கொண்டிருந்தான்.

"நான் எப்படா வரணும்?" என்றான்.

"கடைசில."

"சரி, அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடறேன்."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன்.

பிப்ரவரி 13

புதுப் பாட்டின் மெட்டு ஷூருடையது. இதையாவது இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

போன இலையுதிர் காலத்தில் கச்சேரி முடித்து ஜெர்மனியிலிருந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஷூர் மேடைக்காக முகத்தில் பூசிய கறுப்பு வெள்ளைச் சாயத்தை ஈரத்துணியால் துடைத்தபடி வாய்க்குள் எதையோ முனகினான். என்னடா அது என்று கேட்டேன். அவன் அம்மா மலையில் ஆட்டைக் கூப்பிடும் பாட்டாம். திரும்ப முனகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கிட்டாரில் எடுத்தேன். எனக்கு எங்கள் இசையின் வேகம் அலுத்துப்போயிருந்தது, அதை யாரிடமும் சொல்லத் தைரியம் இல்லை. இந்த மெட்டு வந்து வழி திறந்தது. இப்போது ஆல்பமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஷூர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை எனக்கு வரும்.

பிப்ரவரி 22

புதுப் பாட்டைப் பாட ஓஸ்லோவிலிருந்து சுன்னிவா வந்தாள். இசைக் கல்லூரியில் படித்தவள். குரல் ஊசிபோல மேலே போகிறது. அன்ஃபின் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

ஷூர் அவளுக்கு காபி போட்டுக் கொடுத்தான். பிறகு இருவரும் வெளியே நடைவழிக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தந்தி மாற்றிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. உள்ளே வந்ததும் மூன்றாவது அடியில் சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி ஷூர் என்னிடம் கேட்டான். அது இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுகிறது, கிட்டாரில் அந்தச் சுருதியே கிடையாது என்றேன். "அதுக்கு நான் என்னடா பண்றது" என்று தோளைக் குலுக்கினான்.

மார்ச் 8

ஸ்டுடியோ. ஷூர் காலையிலிருந்து பாட்டின் கடைசிப் பகுதியை அலறித் தீர்த்தான். நடுவில் வெந்நீரும் தேனும். முடிக்கும்போது பேச்சே வரவில்லை, காற்றுதான் வந்தது. நல்லா வந்துச்சா என்று சைகையில் கேட்டான். ரொம்ப நல்லா வந்திருக்கு என்றேன். ஆடுகள் குட்டி போடும் நேரம் நெருங்குகிறது என்று, அம்மாவின் பண்ணை இருக்கும் வோஸுக்கு ரயிலைப் பிடிக்க ஓடினான்.

அவன் போன பிறகு ஒலிப்பதிவாளர் ரோல்வ் ஷூரின் குரல் பதிவான டிராக்கை மூடிவிட்டுப் பாட்டை ஓட்டினார். சுன்னிவாவின் குரல் மட்டும் தனியாக நின்றது. நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி.

"உன் பாட்டு. நீ சொல்லு" என்றார் ரோல்வ்.

ஷூரின் குரல் இல்லாமல் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 9

ஷூரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 16

என் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. மாடிக்குத் தூக்க ஷூரைத்தான் கூப்பிட்டேன். வேறு யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. படியெல்லாம் திட்டிக்கொண்டே ஏறினான். கனமான பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டான். பிறகு கறியும் கிழங்கும் போட்ட குழம்பை இரண்டு தட்டு சாப்பிட்டான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே ஆரம்பித்தான். அம்மா பக்கத்துப் பண்ணைகளிலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளாம், என் பையன் என் பாட்டைப் பாடியிருக்கிறான் என்று. "இத்தனை வருஷத்துல நான் பண்ணின ஒரு காரியத்தை அம்மா வெளிய சொல்லிக்கறது இதான்டா முதல் தடவை" என்றான்.

குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டேன். கோழை. வேறு என்ன சொல்வது.

ஏப்ரல் 4

ஆல்பம் அச்சுக்குப் போய்விட்டது. இனி மாற்ற முடியாது.

ஷூர்கிட்ட சொல்லிட்டியா என்று அன்ஃபின் கேட்டான். சொல்லிட்டேன் என்றேன். என்ன சொன்னான் என்று கேட்டான். ஒண்ணும் சொல்லல என்றேன். பொய்க்குள் பொய். எவ்வளவு சுலபமாக வந்தது!

ஏப்ரல் 27

எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது போலிருக்கிறது.

சிடிப் பெட்டியை நானே எடுத்துக்கொண்டு வோஸ் போனேன். நேரில் சொல்லிவிடுவது என்று ரயில் முழுக்க ஒத்திகை பார்த்தேன். பண்ணையில் குட்டி போடும் காலம். ஷூர் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு பட்டியிலிருந்து வந்தான். கையெல்லாம் வைக்கோலும் ரத்தமும். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா ஒட்னி பெட்டியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஒட்னிக்கு எங்கள் இசை அறவே பிடிக்காது. நாங்கள் மேடையில் கம்பில் செருகி வைக்கும் ஆட்டுத்தலைகள் மட்டும் அவள் கொடுப்பவை. காட்டிட்டுப் பத்திரமா கொண்டு வா, ஞாயித்துக்கிழமைக்கு அவிக்கணும் என்று சொல்லித்தான் அனுப்புவாள். ஒரு தடவை அன்ஃபின் ஒரு தலையை ரசிகர்கள் நடுவே வீசிவிட்டான் என்று ஒரு வருடம் அவனோடு பேசவில்லை. அப்படிப்பட்டவள் இன்று மேசையைத் துடைத்து, காபி வைத்து, நாற்காலியை சிடி பிளேயர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

பாட்டு ஓடியது. சுன்னிவா பாடினாள்.

"நீ எங்கடா?" என்று ஒட்னி கேட்டாள்.

"கடைசில வருவேம்மா. இரு."

நான் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பகுதி வந்தது. சுன்னிவாவின் குரல் மேலே போனது, கிட்டார் அடங்கியது, பாட்டு முடிந்தது.

ஷூர் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ கேட்க வந்து, கேட்கத் தேவையில்லை என்று விட்டுவிட்ட மாதிரி ஒரு பார்வை. எழுந்து குழாயில் கை கழுவினான். "ஒரு ஆடு கஷ்டப்பட்டுட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பட்டிக்குப் போய்விட்டான்.

ஒட்னி இன்னொரு கோப்பை காபி ஊற்றினாள். குடிக்காமல் எழுந்து போகவும் முடியவில்லை.

"அந்தப் பொண்ணு அழகாத்தான் பாடறா," என்றாள். "ஆனா அவ பாடினா ஒரு ஆடும் வராது."

ஏப்ரல் 28

அன்ஃபினுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பொய்யன் என்றான். ஆமாம் என்றேன்.

மே 10

வெளியீட்டுக் கச்சேரி. ஷூர் வந்தான். பழைய பாட்டுகளை ஒன்று விடாமல் அலறினான், அவ்வளவு வெறியோடு அவனைக் கேட்டு வெகு நாளாகிறது. புதுப் பாட்டு வந்ததும் மைக்கை சுன்னிவாவின் உயரத்துக்குச் சரி செய்து கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினான். பின்னறையில் போய்ப் பார்த்தபோது சாயம் துடைத்த ஈரத்துணிகள் மட்டும் கிடந்தன.

ஜூன் 3

குழுவில் இனி இல்லை என்று ஷூர் அன்ஃபினிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். என்னிடம் அல்ல.

விமர்சனங்கள் எல்லாம் அந்தப் பாட்டைத்தான் தூக்கி வைக்கின்றன. மலையின் குரலாம். படித்துவிட்டுக் குப்பையில் போடுகிறேன், பிறகு எடுத்து மறுபடி படிக்கிறேன். எனக்கு வெட்கமே கிடையாதா?

ஜூலை 19

ஷூருக்குக் கடிதம் எழுதிப் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாலும் அந்தப் பாட்டு எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்பதில்தான் போய் நிற்கிறது. கிழித்துவிட்டேன்.

செப்டம்பர் 14

வோஸில் கோடை மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் நாள். வருடா வருடம் போவேன். இந்த வருடம் யாரும் கூப்பிடவில்லை. போனேன்.

ஒட்னி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். ஷூர் முன்னே நடந்தான். நாய்தான் என்னைப் பார்த்து வாலாட்டியது.

பாதி மலை ஏறியதும் சொன்னேன். "தப்பு பண்ணிட்டேன்டா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றான். நடையை நிறுத்தவில்லை.

மேலே ஒரே பனிமூட்டம். ஒரு ஆடுகூடக் கண்ணில் படவில்லை. ஷூர் ஒரு பாறை மேல் ஏறி நின்றான். பின்னால் ஏறி வந்த ஒட்னி கீழிருந்து "கூப்பிடுடா" என்றாள். அவன் கூப்பிட்டான்.

அலறல் இல்லை. பாட்டு. தெளிவான, உயர்ந்த, கரகரப்பே இல்லாத குரல். மூன்றாவது அடியில் சுருதி கொஞ்சம் இறங்கியது, கிட்டாரில் இல்லாத அந்த இடத்துக்கு. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பனிக்குள் எங்கோ மணிச் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு மணி. ஆடுகள் வர ஆரம்பித்தன.

"உனக்குப் பாட வரும்னு எனக்குத் தெரியவே தெரியாதேடா."

"நீ கேக்கவே இல்லையே" என்றான். கோபமில்லை, ஏதோ பழைய தகவலைச் சொல்வதுபோலச் சொன்னான். "நடைவழியில அந்தப் பொண்ணுக்குப் பாடிக் காட்டினேன். நீ உள்ள தந்தி மாத்திட்டிருந்த."

அன்று கதவு திறந்துதான் இருந்தது. அது எனக்கு நினைவிருக்கிறது.

திரும்பி வந்து பாடு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இப்போது கேட்டால் அதுவும் என் பாட்டுக்காகத்தான்.

ஒரு கிழட்டு ஆடு மட்டும் சரிவில் தனியாக நின்றது. "அது உன் பக்கம்தான் இருக்கு. கூப்பிடு பாப்போம்" என்றான் ஷூர். முகத்தில் பழைய குறும்பு, ஒரு கணம்தான்.

கூப்பிட்டேன். கோடை முழுக்க ஊர் ஊராக மேடையில் வாசித்த மெட்டு, ஒரு சுருதி தப்பாமல் பாடினேன். ஆடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மறுபடி பாடினேன். குனிந்து புல்லை மேய ஆரம்பித்தது.

எனக்குப் பின்னாலிருந்து ஷூர் கூப்பிட்டான். ஆடு மேய்ச்சலை விட்டு நேரே மேலே ஏறி வந்தது. பாதை குறுகல். நான் ஒதுங்கி வழி விட்டேன்.