அண்ணை வேலை செய்த மாளிகைத் தோட்டம்

என் பொல்லாத அண்ணைக்கு,

நேரில் சண்டை பிடிக்க வழியில்லாததால் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உங்கள் மாளிகைத் தோட்டத்துக்குப் போய்வந்தோம். ஓம், பதினொரு வருடமாக "அடுத்த கோடைக்குப் பாப்பம்" என்று நீங்கள் தள்ளிப் போட்ட அதே இடத்துக்குத்தான்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அங்கிருந்து மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. வேலையிடத்து அலுமாரியில் உங்கள் சாமான்கள் கிடக்கின்றன, வந்து எடுங்கள் என்று. அண்ணி மூன்றையும் அப்படியே பிரிட்ஜின் மேல் வைத்திருந்தார். பூசைக்கும் கடைக்கும் தவிர ஒன்பது மாதமாக வெளிக்கிடாத மனுசி, திடீரென்று ஒருநாள், "ஞாயிறு போவம் ரெஜினா, அவர் வளத்த ரோசாவையும் பாத்ததாயிருக்கும்" என்றார். நான் எப்படி மறுப்பேன்?

அந்தப் பயணத்தை என்னவென்று சொல்ல! ஹம் நகரில் ரயில் பன்னிரண்டு நிமிடம் பிந்தியது. நாங்கள் இறங்கும்போது பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம். மண்டையைப் பிளக்கும் வெயிலில், சோளக்காட்டு ஓரமாக நடந்தோம். அண்ணி பட்டுச்சேலையோடு. உங்கள் மகள் ஜெனிற்றா குதி உயர்ந்த செருப்போடு. நான் இடியப்பமும் சம்பலும் ரோல்ஸும் நிரம்பிய இரண்டு பைகளோடு. மூன்று பேருக்கு எதற்கு நாற்பது ரோல்ஸ் என்று கேட்டதற்கு, "அவரோட வேலை செய்த ஆக்கள் இருப்பினம்தானே" என்றார் அண்ணி.

இடம் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். சுற்றிவர அகழி, சிவப்புச் செங்கல் மாளிகை, அளவுகோல் வைத்து வெட்டியது போன்ற வேலிச்செடிகள். ஆனால் புல்லில் இருக்க ஏலாது. அகழிச் சுவரில் சாய ஏலாது. சாப்பாட்டுப் பையைத் திறந்தாலே ஒரு தொப்பிக்காரர் வந்து நின்றார். கால் நோகக் காவிக்கொண்டு போன ரோல்ஸை வாசலுக்கு வெளியே நின்று தின்ன வேண்டுமாம்!

இனித்தான் முக்கியமான விசயம். நுழைவுச்சீட்டுக் கூண்டிலிருந்த பெண்ணிடம், எனக்குத் தெரிந்த ஜெர்மனில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "இந்தத் தோட்டத்தை உருவாக்கியதே என் அண்ணன்தான்." அவள் உங்கள் பெயரைக் கேட்டாள். முகம் மலர்ந்து, தொலைபேசியில் யாரையோ கூப்பிட்டாள்.

வந்தது நீல உடுப்புப் போட்ட, வாட்டசாட்டமான ஒரு அம்மா. மிலிட்சா என்று பெயர், பொஸ்னியாக்காரி. அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு ஒரு பையை நீட்டினாள். அண்ணி அதைத் திறந்து, மடித்திருந்த நீலச் சட்டையை விரித்தார். முதுகில் வெள்ளை எழுத்தில் ஜெர்மனில் "துப்புரவு" என்று இருந்தது.

"பதினொரு வருடம் இந்தக் கழிப்பறைகளை நாங்கள் இரண்டு பேரும்தான் பார்த்தோம்" என்றாள் மிலிட்சா, பெருமையாக.

அண்ணை, கூண்டுக்காரியின் பக்கம் திரும்பவே முடியவில்லை. ஏன் மறைத்தீர்கள்? முதியோர் இல்லத்தில் தினமும் ஆட்களுக்குக் கழுவித் துடைத்துவிடுகிறவள் நான். என்னிடம் சொல்ல உங்களுக்கு என்ன வெட்கம்?

வாய்விட்டே கத்திவிட்டேன். "பதினொரு வருசம்! தோட்டக்காரன் எண்டு எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்தியிருக்கிறார்!"

ஜெனிற்றா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமி, அப்பா ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லை. மாளிகைத் தோட்டத்தில வேலை எண்டுதான் சொன்னவர். தோட்டக்காரன் எண்டு கோயில் முழுக்கச் சொன்னது நீங்கள்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். வேலை கிடைத்த அன்று நீங்கள் தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். அடுத்த ஞாயிறே பூசை முடிந்து, "அண்ணை இப்ப மாளிகையில தலைமைத் தோட்டக்காரர்" என்று நான்தான் எல்லோருக்கும் சொன்னேன். தலைமை என்பதும் என் கைச்சரக்குத்தான். அதற்குப் பிறகு மிளகாய்க் கன்று வாடுது, ரோசாவில் பூச்சி என்று ஊர்ச்சனம் எல்லாம் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தது. நீங்களும் "நாளைக்குச் சொல்லுறன்" என்பீர்கள். அந்த "நாளைக்கு" ஏன் என்று மிலிட்சா சொல்லித்தான் தெரிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோட்டக்காரர்களைத் தேடிப் போய், ஒவ்வொன்றாகக் கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வருவீர்களாம்.

இதற்கு நான் சிரிக்கவா, அழவா? "தங்கச்சி, வாயை மூடு, நான் அங்க கக்கூஸ் கழுவுறன்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே! என் மானம் போகக்கூடாது என்று பார்த்தீர்களா?

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் அண்ணியைக் காணவில்லை. பார்த்தால், பட்டுச்சேலையோடு ஆண்கள் கழிப்பறைக்குள் போய்விட்டார். ஒரு கிழவர் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு அவசரமாக வெளியே வந்தார். ஜெனிற்றா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். அண்ணி ஆறுதலாக, ஒரு அவசரமும் இல்லாமல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தார்.

"பைப்பெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்குது. வீட்டில ஒருநாளாவது தேத்தண்ணிக் கோப்பை கழுவி வைச்ச மனுசனோ?"

ஜெனிற்றா அதை மொழிபெயர்த்ததும் மிலிட்சா விழுந்து விழுந்து சிரித்தாள். "அவர் காட்டித்தந்த மாதிரித்தான் இன்றைக்கும் துடைக்கிறேன்" என்றாள். அண்ணியும் சிரித்தார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். நான் மட்டும் உர்ரென்று நின்றேன்.

ரோல்ஸ் முழுவதும் மிலிட்சாவோடும் தோட்டக்காரர்களோடும் வாசலுக்கு வெளியே முடிந்தது. திரும்பும் ரயிலில், நீலச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி கேட்டார்: "ஆண்டுப் பூசைக்கு அடிக்கிற நினைவுமலரில அவற்ற தொழில் என்னெண்டு போடப்போறாய்?"

"தோட்டக்காரர் எண்டே விடுவம் அண்ணி. சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும். அந்த மனுசி எவ்வளவு பெருமையாச் சொன்னவ. நாங்கள் ஏன் மறைக்கவேணும்? உள்ளதை எழுது. நீ சொன்ன பொய்யையும் சேத்து எழுது."

அதனால்தான் இந்தக் கடிதம் நினைவுமலரின் முதல் பக்கத்தில் வருகிறது. பூசைக்கு வந்து இதை வாசிக்கிற எல்லோரும் அறிந்துகொள்ளுங்கள்: என் அண்ணை தோட்டக்காரர் இல்லை. துப்புரவுத் தொழிலாளி. பொய் சொன்னது நான்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணை. அச்சில் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ள மாட்டேன். பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது எழும்பி நின்று, என் வாயாலேயே இன்னொரு முறை சொல்லுவேன். மிலிட்சாவையும் கூப்பிட்டிருக்கிறோம். அண்ணிக்குப் பக்கத்தில், முன்வரிசையில் இருப்பாள்.

கோபம் இன்னும் தீராத,
உங்கள் ஒரே தங்கச்சி
ரெஜினா