எனக்குப் புளித்தது உனக்குத் தெரிந்த நாள்

புக்கிட் செந்தோசா சந்தையில் இன்று காலை ஒரு மலாய்க்கார அம்மா, மக்சிக், பெலிம்பிங் என்கிற புளிப்புக் காயைக் கூறுகட்டி வைத்திருந்தார். விரல் நீளம், பச்சைப் பசேலென்று. பார்த்ததுமே வாய் ஊறியது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உனக்கும் சேர்த்து வாங்கியிருப்பது தெரிந்தது.

சின்ன வயதில், தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் நாம் இருவரும் இதே காயை மிளகாய் உப்பில் தொட்டுத் தின்றபோது நீ கேட்டாய்: "எனக்குப் புளிக்கிற மாதிரியேதான் உனக்கும் புளிக்குதாடி?"

"காய் ஒன்னுதானே லா, பேசாம தின்னு."

நான் அதோடு மறந்துவிட்டேன். நீ அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர் போனாய், கடல் தாண்டிப் போனாய், தத்துவப் பேராசிரியராகத் திரும்பி வந்தாய். மனம், மொழி, பிரக்ஞை என்று தலையணை கனத்தில் புத்தகங்கள் எழுதினாய். ரவாங் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற எனக்கு அவை நல்ல தூக்க மருந்து.

ஒருமுறை உன் உரை கேட்க என்னையும் இழுத்துப் போனாய். அடுத்தவர் வலி நமக்கு உண்மையிலேயே தெரிகிறதா, அவர் சொல்லும் சொல் மட்டும்தான் வந்து சேர்கிறதா என்று மேடையில் கேட்டாய். காரில் ஏறியதும், "விடை என்னாடி?" என்றேன்.

"தெரிஞ்சுட்டா எனக்கு யாரு சம்பளம் கொடுப்பா?" என்று சிரித்தாய். கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றது. "ஆளாளுக்குத் தனி ரூம்ல பூட்டிக்கிட்டுக் கெடக்குறோமோன்னு பயமா இருக்குடி."

உன் கடைசி மாதங்களில் மருந்து நாக்கின் ருசியைச் சாகடித்துவிட்டது. உன் கோல சிலாங்கூர் வீட்டுக்குப் பெலிம்பிங் கொண்டு வந்தேன். கடித்தாய், உன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"நீ தின்னுடி. நான் பாக்குறேன்" என்றாய்.

கடித்தேன். கண்ணை இடுக்கி, தோளைக் குலுக்கி, பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உன் தொண்டை ஏறி இறங்கியது. வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாய்.

"எச்சில் ஊறுதுடி! எனக்கும் புளிக்குது லா!"

"அப்போ விடை கெடச்சிருச்சா?"

"எழுதினா ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான். ஆனா பயம் போயிருச்சு."

உன்னை விட்டுப் போன பயம் இப்போது என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில். நாள் முழுக்கப் பேசுவது தொலைக்காட்சிதான். எனக்கு என்ன வலிக்கிறது, எது புளிக்கிறது என்று பார்க்க ஆளில்லை.

இன்று தனியாக உட்கார்ந்து ஒரு காயைக் கடித்தேன். அதே புளிப்புதான். உனக்காக முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே சுளித்தேன். பிறகு, உன் தொண்டை அசைகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன்.