டிக்கி ஓரத்து விளிம்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. தங்கையும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தங்கை வரைக்கும் மனசு ஒத்துழைத்தது. நீங்கள்தான் என் போனை எடுப்பதில்லையே! அதனால் உதிரிபாகம் ஏற்றி வரும் வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வண்டி வடிவமைப்புக்காக நீங்கள் பரிசு வாங்கிய போட்டோவைப் பார்த்தேன். நான் உருவாக்கிய காருக்குப் பக்கத்தில் கோட்டு போட்டு நிற்கிறீர்கள். நாலு மாதம் முட்டி போட்டு அதன் களிமண் மாதிரியை இழைத்தவன் நான். இப்போது எழுந்து நிற்க எனக்கு இரண்டு ஆள் வேண்டும். அதனால்தான் படத்தில் விட்டுவிட்டீர்கள் போல. பெயிண்ட் பிரிவு அக்கா வேறு, "உங்க மாப்பிள்ளைக்கு என்னா கைங்க!" என்று உருகினாள். நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டாள், பல்வலி என்று சொல்லித் தப்பித்தேன்.

டிக்கி ஓரத்தில் விரல் உயரத்துக்கு நான் வைத்த விளிம்பை, "வண்டி உதட்டைப் பிதுக்கற மாதிரி இருக்கு மச்சான்" என்று சுரண்டி எடுத்தீர்கள். சரி, அழகு உங்கள் இலாகா. ஆனால் விளிம்போடு எடுத்த காற்றுச் சோதனை அறிக்கையை விளிம்பில்லாத வண்டிக்கு வைத்துக் கொடுத்தீர்களே! போன வாரம் சாப்பாட்டு நேரத்தில், அந்த மொழுமொழு முதுகை நானே மறுபடி சோதித்தேன். கூரைமேல் வரும் காற்று சரிவில் வழுக்கி வேகமெடுக்கிறது. அங்கே அழுத்தம் குறைந்து பின்பக்கம் மேலே தூக்குகிறது. விளிம்பு இருந்தால் காற்று அதில் தடைபட்டு டிக்கியை அழுத்தும், பிறகு சுத்தமாகப் பிரிந்து போகும். வண்டியைப் பின்னுக்கு இழுப்பதும் குறையும். இப்போது தூக்கல் மூன்று மடங்கு. நூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவு எடுத்தால் பின்சக்கரத்துக்குப் பிடிப்பே இருக்காது.

தெரிந்ததும் என்ன செய்தேன்? டீ குடித்தேன். வெள்ளிக்கிழமை முதலாளிகள் முன்னால் நடக்கப்போகும் ஓட்டத்தில் வண்டி பம்பரமாகச் சுற்றுவதை நினைத்து இன்னொரு டீயும் குடித்தேன். ஓட்டப்போகிறவரும் யாரோ பெற்ற பிள்ளை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு நல்லவன் உங்கள் மச்சான்.

நேற்று தங்கை பேசினாள். ஓட்டுநர் வேண்டாம், நீங்களே ஓட்டுகிறீர்களாம். "பக்கத்து சீட்ல நான்தாண்ணா! கூலிங் கிளாஸெல்லாம் வாங்கிட்டேன்" என்று குதிக்கிறாள். அதற்கப்புறம்தான் டீயைத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். பழிவாங்க நீங்கள் எனக்கு முழுசாக வேண்டும். ஓட்டத்தை நீங்களே நிறுத்துங்கள். விளிம்பு யாருடையது, சுரண்டியது யார், அறிக்கை எந்த வண்டியுடையது என்று முதலாளிகளிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். வியாழன் மாலை ஆறு மணிக்குள் சேதி வராவிட்டால், புது அறிக்கை தலைமைப் பொறியாளருக்குப் போகும். அதற்கு முன்னால் தங்கையிடம் சொல்லிவிடுவேன். எது பயங்கரம் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் இருவரும் நூறு வயசு வரை நன்றாக இருக்க வேண்டும். அத்தனை வருஷமும், யார் அந்த வண்டியைப் பாராட்டினாலும், "அது எங்க மச்சான் செஞ்சது" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவளை ஏற்றாதீர்கள், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
உங்கள் மேல் தீராத கோபமுள்ள
மச்சான்