உனக்குக் கொடுக்காத பந்து

நேற்று சாயங்காலம் ஈப்போவில் ஒரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். திடலில் கால்பந்து ஆடிவிட்டு நேராக வந்த நான்கு பேர் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் முழங்காலிலிருந்து தைல வாடை அடித்தது. நீ ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் பாட்டிலைக் கவிழ்த்துத் தேய்ப்பாயே, அதே தைலம். தோற்றுவிட்டு வந்திருக்கிறார்கள் போல. ஏன் பாஸே வரவில்லை என்று ஒரே சத்தம். புல் நீளம் என்றான் ஒருவன். கோச் சரியில்லை என்றான் இன்னொருவன். மற்ற இருவரும் வாயைத் திறக்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

நீ செத்து இரண்டு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது மூன்று வருடம் உன்னோடு பேசாதவன் இப்போது மடல் எழுதுகிறேன். சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள்.

கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களைச் சாய்த்து, நம்மை எல்லாம் ஒரே தாமான் குடியிருப்பில் கொண்டுவந்து போட்ட பிறகும் தோட்டத்தின் பெயரை ஜெர்சியில் போட்டுக்கொண்டுதான் ஆடினோம். நான் நடுவில், நீ இடது ஓரம். நான் தலையை நிமிர்த்தாமலே உதைப்பேன். பந்து போய்ச் சேரும் இடத்தில் நீ நிற்பாய். அப்போது நம் குழுவுக்குப் பாஸ் ஒரு பிரச்சினையே இல்லை.

உன் கல்யாணப் பத்திரிகை என் வீட்டுத் தபால் பெட்டியில் கிடந்தது. கரண்டு பில்லோடு, மழையில் நனைந்து. நெருங்கிய வீட்டுக்குத் தாம்பூலத் தட்டோடு வந்து, உறவு சொல்லிக் கூப்பிட்டு, கையில் கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? என் அப்பாவை நீ பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாய். அந்தப் பெரியப்பாவுக்குக் கரண்டு பில்லோடு அழைப்பு. குழு முழுக்கக் கேட்கும்படி இதைச் சொன்னேன். நீயும் குழு முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னாய்.

"தட்டத் தூக்கிக்கிட்டு நாலு தடவ போனேன்லா. வீடு பூட்டிக் கெடக்கு, நாய்தான் நிக்குது. நாய்கிட்டயா தட்ட நீட்டச் சொல்றான்?"

எல்லாரும் சிரித்தார்கள். நீ சொன்னது உண்மைதான். அப்பா அந்த மாதம் லூமுட்டில் அக்கா வீட்டில் இருந்தார், எனக்கு இரட்டை ஷிப்ட். உண்மை என்பதால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. ஒரு போன் போட்டிருந்தால் வாசலில் நின்றிருப்பேன். நீ போடவில்லை. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. என்னோடு நாலு பேரையும் போகவிடவில்லை.

அதோடு பந்தும் நின்றது. நம் கோச் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர், தங்கமான மனிதர். வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துபோனார். நடு ஆளை மாற்றிப் பார்த்தார், பின்னால் ஒருவரைக் கூட்டிப் பார்த்தார். உன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர், உட்காராதவர்கள் ஐந்து பேர் என்று அவருக்கு யார் சொல்வது? பந்தியில் சாப்பிட்டவன் சாப்பிட்டவனுக்குத்தான் உதைப்பான். தேவா மட்டும் மண்டபத்துக்கு வந்து வாழ்த்திவிட்டுச் சாப்பிடாமல் போனவன். நல்லவேளையாக அவன்தான் கோல்கீப்பர், யாருக்கு வேண்டுமானாலும் எறியலாம்.

கடைசி ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஜெயித்தால் லீக்கில் இருப்போம், இல்லையென்றால் வெளியே. ஒன்றுக்கு ஒன்று என்று சமம், முடிய இரண்டு நிமிடம். கோலுக்கு நேரே நீ தனியாக நிற்கிறாய், பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. கையைத் தூக்கினாய். வாயைத் திறக்கவில்லை. 'மச்சான்' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கூப்பிட்டால் நீ முதலில் பேசியதாகிவிடும். கொடுத்தால் நான் முதலில் பேசியதாகிவிடும். நான் அங்கிருந்தே கோலை நோக்கி உதைத்தேன். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து லோங்காங் சாக்கடையில் விழுந்தது. அவர்கள் ஒரே ஓட்டத்தில் வந்து கோல் போட்டுவிட்டுப் போனார்கள்.

கோச் விசிலைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். "உதைக்கத் தெரியாதவங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கேன். கொடுக்க மனசில்லாதவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்க?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை. எனக்கு அப்போது வருத்தமில்லை. நீ தலையைக் குனிந்து நின்றதைப் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது என்பதை உன்னிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

அடுத்த வருடம் உன் கிட்னி போய்விட்டது என்றார்கள். மருத்துவமனையில் கிடந்தாய். தேவா வந்து சொன்னான்.

"ஒங்கள வந்து பாக்கச் சொன்னாங்கண்ணே."

"யாரு? அவனா, அவன் பொண்டாட்டியா?"

"அண்ணிதான்."

"அப்ப அவன் வாயால சொல்லட்டும், வாரேன்."

தேவா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகு இரண்டு தடவை மருத்துவமனைக் கார் நிறுத்தம் வரை வந்தேன். இது உனக்குத் தெரியாது. எந்த ஜன்னல் உன்னுடையது என்று எண்ணிப் பார்த்துவிட்டு இஞ்சினை முடுக்கித் திரும்பிவிட்டேன். ஐந்தாம் மாடி என்று தேவாவிடம் கேட்டு வைத்திருந்தேன், அவ்வளவு தூரம் போனவன்தான்.

நீ போன அன்று எல்லாரும் ஜெர்சி போட்டு வந்தார்கள். நானும் போட்டு வந்தேன். பெட்டியைத் தெருமுனை வரை தோளில் கொண்டுபோய் வேனில் ஏற்றுவதாக ஏற்பாடு. பாதி வழியில் தோள் மாற்றினார்கள். முன்னால் இடது பக்கம் உன் தம்பி. அவனுக்கு அடுத்து நான்தான் நின்றேன். குனிந்து தோளைக் கொடுத்தேன். அவன் என்னை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற தேவாவைக் கூப்பிட்டுத் தோளை மாற்றினான்.

"அண்ணன் சொல்லிட்டுப் போயிட்டாருண்ணே. நீங்க தொடக்கூடாதாம்," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

பெட்டி என்னைக் கடந்து போனது. நான் குனிந்தபடியே நின்றேன். ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்திருக்கலாம், அழுதிருக்கலாம், உன் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். கத்தினால் நான் முதலில் பேசியதாகிவிடுமே என்று அந்த நேரத்திலும் தோன்றியது. பிணத்திடம்கூடப் போட்டி. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வீம்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இவ்வளவு எழுதிய பிறகும், முதலில் பேசியவன் நான்தான் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.