அம்மாவுக்கு மாற்றி வாசித்த கடிதம்

ஓகஸ்ட் 1, புதன்
வெக்கை. காற்றாடி இரண்டு ஓடியும் வியர்வை. அம்மா போய் இன்று இருபத்தொரு நாள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வாங்க: உழுந்து, பயறு, வெற்றிலை, தேங்காய் ஆறு.
மேல்வீட்டு ஹெயிட்டி மனுசி சூப் கொண்டுவந்தாள். கோழி போட்டது. செத்தவீட்டுத் துடக்கில் மரக்கறி மட்டும் என்று சொல்ல பிரெஞ்சு தெரியவில்லை. மெர்சி சொல்லி வாங்கினேன். நல்ல மனசு.
ஆஸ்பத்திரித் தாதியையும் மறக்கக் கூடாது. பொட்டு அழியாமல் அம்மாவின் முகம் துடைத்தவள். தொண்ணூற்றொரு வயதில், கட்டிலில், என் கையால் பால் குடித்துப் போனார். எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

ஓகஸ்ட் 3, வெள்ளி
அண்ணை வந்தார். எழுபத்துநாலு வயதில் இரண்டு பஸ் மாறி. முப்பத்தொன்றுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம் அவர்தான் எழுதுகிறார். வியாழனுக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.
"அப்பான்ர பேருக்கு முன்னால என்ன போடுறது, தங்கச்சி? காலஞ்சென்ற எண்டு எழுதக் கை வருதில்லை. அவர் செத்ததைக் கண்டது ஆர்?"
நான் தேத்தண்ணி போடப் போனேன்.
பின்னேரம் ரீவியில் உலகப் போர்ப் படம். அண்ணை கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார். எப்போதும் அப்படித்தான். ரஷ்யாவில் பனிக்குள் பிணங்கள். எங்கோ ஒரு பட்டணம் முழுக்க எரிகிறது. சீனாவில் தாயைத் தேடும் குழந்தை. பிறகு சயாம் றெயில்பாதை, ஒரு நிமிடம். எலும்பும் தோலுமாக வெள்ளைக்காரக் கைதிகள்.
"எங்கட சனம் எத்தினை ஆயிரம் செத்தது. ஒருத்தரையும் காட்டுறாங்களில்லை." கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். "அந்தக் கரையில நிக்கிற ஆள், அப்பா மாதிரி..."
படம் மாறிவிட்டது.
அப்பா மலாயாவில் றெயில்வே கிளாக்கர். சண்டைக்கு முதலே அம்மாவையும் எங்கள் இருவரையும் கப்பலில் யாழ்ப்பாணம் அனுப்பிவிட்டார். அவரை யப்பான்காரன் றெயில்பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனான். அறுபது வருடமாக அண்ணை தேடுகிறார்.


ஓகஸ்ட் 4, சனி
இதை எங்கும் எழுதியதில்லை.
சண்டை முடிந்த அடுத்த வருடம். எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அதோடு என் படிப்பும் சரி. அண்ணை மாமா வீட்டில் நின்று படிக்கிறார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, கடிதம் வந்தால் நான்தான் வாசிப்பேன். அன்று வந்த கடிதம் மலாயாவிலிருந்து, அப்பாவோடு வேலை செய்தவர் எழுதியது. முதலில் மனதுக்குள் வாசித்தேன்.
ரப்பர்த் தோட்டத்துச் சனத்தைப் பெண்டு பிள்ளைகளோடு பிடித்து வந்த முகாம். வாந்திபேதி. மருந்து இல்லை. எழும்ப முடியாதவர்களை அடித்து வேலைக்கு விட்டார்கள். அப்பா நாலாம் நாள் போனாராம், மழைக்குள். கடிதம் எழுதியவர்தான் வாயில் தண்ணீர் விட்டாராம். மற்றவர்களோடு சேர்த்து எரித்தார்களாம்.
அதற்கு முதல் கிழமைதான் பக்கத்து வீட்டு அன்னமக்காவின் தாலியைக் கழற்றினார்கள். அவ கத்தக் கத்த. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.
"என்னவாம், பிள்ளை?" அம்மா கேட்டார். கையெல்லாம் மா.
"சயாமில சுகமா இருக்கிறாராம். வேலை முடிய வருவாராம்."
அம்மா சிரித்தார். அவர் காணாமல் கடிதத்தை அடுப்புக்குள் போட்டேன். பிறகு ஒருநாளும் திருத்த முடியவில்லை.

ஓகஸ்ட் 6, திங்கள்
அண்ணைக்குச் சொல்லிவிட்டேன். ரெலிபோனில். நேரே சொல்லத் துணிவு இல்லை.
"அவரைத் தேடி எத்தினை அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் போட்டனான். முத்திரை ஒட்டித் தந்தது நீ."
"ஓம், அண்ணை."
வைத்துவிட்டார்.

ஓகஸ்ட் 7, செவ்வாய்
இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தேன். அண்ணை எடுக்கவில்லை. மழை. அரிசி அடிப்பிடித்தது. மேல்வீட்டு மனுசி படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். விளங்கவில்லை. ஆறுதலாக இருந்தது.

ஓகஸ்ட் 9, வியாழன்
விடிய எட்டு மணிக்கு அண்ணை வாசலில். நனைந்துபோய். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.
"இன்னொருக்காச் சொல்லு. கடிதத்தில இருந்த மாதிரியே."
சொன்னேன்.
"தண்ணி விட்டவராமோ?"
"ஓம்."
"அப்ப ஒரு ஆள் பக்கத்தில இருந்திருக்கு." துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "கோவம் போகேல்லை. போகாது. ஆனா அண்டைக்கு அம்மாவுக்கு முப்பது வயசு. நீ உள்ளதை வாசிச்சிருந்தா, அவவுக்கு அண்டையோட வெள்ளைச் சீலை."
நான் அழுதேன். அவர் அழ விட்டுவிட்டார்.
பிறகு சொன்னார், "அச்சுக்காரனுக்குச் சொல்லிப்போட்டன். காலஞ்சென்ற எண்டு போடச் சொல்லி. தேத்தண்ணி இருக்கோ, இல்லாட்டி அதுவும் பொய்யோ?"
முருகா, உனக்குக் கோடி நன்றி. பாலும் சீனியும் கூடப் போட்டுக் கொடுத்தேன்.

ஓகஸ்ட் 11, சனி
வெயில், நல்ல காற்று. ஆற்றங்கரைப் பூங்கா. நாற்பது பேர் வந்தார்கள். மேல்வீட்டு மனுசியும், வெள்ளைச் சட்டையோடு. அம்மாவின் காரியம் முடிய, அப்பாவுக்கும் செய்ய ஐயர் ஒத்துக்கொண்டார். திகதி தெரியாவிட்டால் பரவாயில்லையாம்.
"தகப்பன்ர பேரைச் சொல்லுங்கோ."
அண்ணை வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஐயர் திரும்பவும் கேட்டார். அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார்.
பெண்கள் பின்னுக்குத்தான் நிற்பது. நான் முன்னுக்குப் போனேன்.
"சின்னத்தம்பி வைத்திலிங்கம்," என்றேன்.
ஐயர் அதைச் சொன்னார். பிறகு அண்ணையும் சொன்னார்.