போல்ட் இல்லாத ரைஃபிள்

மோன்டானா, பிப்ரவரி 18

அன்புள்ள லைல்,

நான் போனை எடுக்காததற்குக் கோபம்தான் காரணம், பயப்படாதே. நேற்று தீவனக் கடையில் வாலஸ் என் தோளைத் தட்டி, "என்ன கார்வின், இப்ப மனசு தேவலையா?" என்றான். சட்டசபையில் நீ பேசியதை ரேடியோவில் கேட்டானாம்.

மனசு சரியில்லாதவனிடமிருந்து கோர்ட்டே துப்பாக்கியை வாங்கி வைக்கும் அந்தச் சட்டம் எனக்கும் ஆகாது. எதிர்த்துப் பேச நீ தலைநகர் ஹெலனாவுக்குக் கிளம்பியபோது உன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டவனே நான்தான். ஆனால் அங்கே போய், "பக்கத்துப் பண்ணைக்காரர், மனைவியை இழந்தவர், நாலு துப்பாக்கியையும் தானே கொண்டுவந்து என்கிட்ட கொடுத்தார். ஜட்ஜ் எதுக்கு?" என்றாயாமே. உனக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? உன் சமையலறையில் உட்கார்ந்து அழுதது உன்னிடம் மட்டும்தான், லைல். மாநிலத்துக்கே இல்லை.

கார்வின்

பிப்ரவரி 23

அன்புள்ள கார்வின்,

பேரைச் சொல்லவில்லையே என்று நினைத்துவிட்டேன். தப்புதான். எதிர்த்தரப்பில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வரிசையாக வந்து அழுதார்கள். நம் பக்கம் சொல்ல உன் கதை ஒன்றுதான் இருந்தது. ஓட்டெடுப்பில் சட்டம் தோற்றுவிட்டது. நீ கேட்கிற அன்றே துப்பாக்கியைத் தருவேன் என்று சொன்ன வாக்கில் மாற்றமில்லை. மார்லின் உனக்கென்று ஆப்பிள் பை சுட்டு வைத்திருக்கிறாள். வந்து வாங்கிக்கொள், அவளையாவது கோபிக்காதே.

உன் லைல்

அக்டோபர் 12

லைல்,

ஆப்பிள் பை நன்றாக இருந்தது என்று மார்லினிடம் சொல். இருபத்து மூன்றாம் தேதி மான் வேட்டை தொடங்குகிறது. இப்போது நன்றாகத் தூங்குகிறேன், டாக்டரும் சரியென்றார். பெர்னீஸ் உயிரோடு இருந்தபோது எனக்கு வாங்கித் தந்த ரைஃபிளை மட்டும் கொண்டுவந்து கொடு. மற்ற மூன்றும் உன்னிடமே இருக்கட்டும்.

கார்வின்

அக்டோபர் 25

லைல்,

யார் யாருக்குத் துப்பாக்கி கொடுத்தாலும் போல்ட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டித்தான் கொடுக்க வேண்டும். முப்பது வருஷமாக அதற்காக என்னைத் திட்டியவன் நீ. வெள்ளிக்கிழமை உறையோடு நீட்டிவிட்டு, "அவசரம்டா, மாடு வெளிய நிக்குது" என்று வண்டியேறினாய். வாங்கியவனும் திறந்து பார்த்திருக்க வேண்டும். நீ கொடுத்ததாயிற்றே என்று அப்படியே சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

சனிக்கிழமை விடியும்போது மலையடிவாரத்தில் உறையைப் பிரித்தேன். போல்ட் இல்லை, கழற்றி எடுத்திருக்கிறாய். அது இல்லாத ரைஃபிள் சுடாது, வெறும் தடி. வாலஸும் அவன் மருமகனும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

என்மேல் பயம் இருந்தால் முகத்துக்கு நேரே, "இன்னும் தரமாட்டேன்டா" என்றிருக்கலாம். நான் கேட்டிருப்பேன். கோர்ட்டாக இருந்தால்கூட என்னைக் கூப்பிட்டு, நீ என்ன சொல்கிறாய் என்று ஒரு தடவை கேட்டிருக்கும். நீ அதையும் செய்யவில்லை.

போல்ட்டை நீயே வைத்துக்கொள். அந்தச் சட்டம் மறுபடி வரும்போது நானும் ஹெலனா போவேன், அது வேண்டும் என்று சொல்ல. உன் பேரைச் சொல்லமாட்டேன். பெட்ரோலும் நானே போட்டுக்கொள்கிறேன்.

கார்வின்