மேல் மாடிக்காரர்களும் உன் கருவியும்

அன்பு மகள் நேயுஸுக்கு,

வலென்சியாவில் நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. கனடாவில் அந்தச் சுரங்கத்துக்குள் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா? ஞாயிற்றுக்கிழமை அப்பா பயேயா சோறு சமைத்தார், சீமோ வந்து அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டிச் சுரண்டி அவர் ஒருவரே தின்று தீர்த்தார், ஆய்வில் என்னோடு கூட உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் என்பதால் பொறுத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் பேச்செல்லாம் நானும் அவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை பற்றித்தான். அப்பாவுக்குப் புரியட்டும் என்று இப்படிச் சொன்னேன்: அண்டமெங்கும் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருக்கும் கரும்பொருள் நம் மேல் மாடியில் குடியிருக்கிறது, அந்த மாடிதான் நீளம், அகலம், உயரம் தாண்டிய கூடுதல் பரிமாணம். மாடிப்படி கிடையாது, வெளிச்சமும் அங்கிருந்து இறங்கி வராது, அவர்கள் நடந்தால் நம் வீட்டு விளக்கு மட்டும் ஆடும், அந்த ஆட்டம்தான் ஈர்ப்பு. அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் கரும்பொருள் வந்து மோதி எழுப்பும் வெளிச்சப் பொறிக்காகச் சுரங்கத்தில் காத்திருக்கும் நேயுஸின் கருவி என்ன ஆகும் என்று கேட்டார். அதில் எதுவுமே தென்படாது என்றேன். "மாசக் கடைசில பணம் குடுக்கற குழு கூடி அவ கருவிய பெருசாக்கலாமா மூடலாமான்னு பேசப் போறாங்க. பெத்த பொண்ணு பொழப்புலயே மண்ணள்ளிப் போடுவியா?" என்று எழுந்து போனவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பி மட்டும் போட்டு வைக்கிறார், சர்க்கரை இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை போனில் எல்லாம் சொன்னபோது நீ கேட்டது ஒன்றுதான், "கணக்கு சரியாம்மா?" சரி என்றேன். "அப்போ போட்டுடு" என்றாய். காகிதத்தில் கணக்குப் போடும் எங்கள் கூட்டத்தில் எல்லாரும் கட்டுரையை முடிக்கும்போது, இன்னும் பெரிய கருவி கட்டினால் கரும்பொருள் அதில் தெரியவும் கூடும் என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம், சோதனைக்காரர்கள் வயிற்றில் பால் வார்க்கத்தான். சீமோவும் அதைச் சேர்க்கச் சொல்லி மன்றாடினார், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார். மூன்று நாள் அந்த வரியை எழுதினேன், அடித்தேன். எத்தனை பெரிதாகக் கட்டினாலும் தெரியாது என்றுதான் கணக்கு சொல்கிறது, நேயுஸ். இன்று காலை அந்த வரி இல்லாமலே வெளியிட்டுவிட்டேன், பிறகு குளியலறையில் போய் அழுதேன்.

குழுவின் முன்னால் போகும்போது கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், தலை குனியாதே. என் கட்டுரையைக் காட்டிக் கேட்டால் தாட்சண்யம் பார்க்காமல் அதைக் கிழித்துத் தொங்கவிடு. பெற்றவளின் ஆசி இதுதான்: உன் கருவியில் ஒரே ஒரு பொறி விழட்டும், உன் அம்மா சொன்னதெல்லாம் பொய்யாகட்டும்.

அதற்காகவே காத்திருக்கும்,
அம்மா விசேந்தா